ஓரத்துத் தூளி

இடலினாவின் வீட்டில் யார் எங்கே படுப்பது என்று ஒருநாளும் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. முருமுரு ஓடைக்கரையில் தூண்களின் மேல் நிற்கும் வீடு அது. கூரை உண்டு, பலகைத் தளம் உண்டு, ஓடையைப் பார்த்த பக்கம் மட்டும் சுவர் கிடையாது. அமேசான் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள மராஜோ தீவின் அந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். சுவர் வைத்தால் காற்று எந்த வழியாக வரும்? அங்கே பெரியவர்களுக்கும் தூளிதான் படுக்கை. அடுப்புக்குப் பக்கத்தில் சின்னவன் தியெல்சனின் தூளி. அடுத்து அவன் அக்கா ஜோயல்மா. பிறகு இடலினா, அவள் கணவன் எவாந்திர். எல்லாரையும் தாண்டி, தளம் முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில், இரண்டு ஓரத்துத் தூண்களுக்கு நடுவே ஒஸ்மாரினோவின் தூளி தொங்கியது. அவன் இடலினாவின் தம்பி, பிள்ளைகளுக்குத் தாய்மாமன்.

அந்த இடம் அவனுக்கு வந்தது பன்றிகள் போன பிறகு.

அதற்கு முன்பு வீட்டுக்கு அடியில் பன்றிகள் இருந்தன. ஓடை வற்றும்போது சேற்றில் புரளும், தண்ணீர் ஏறும்போது மேட்டுக்குப் போகும், இருட்டியதும் தளத்துக்குக் கீழே ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காலையில் ஏதாவது ஒன்றின் காதோரத்திலோ முலைக்காம்பிலோ ரத்தம் கோடாகக் காய்ந்திருக்கும். அதை யாரும் நின்று பார்த்ததில்லை. காட்டுக்குள் பொந்து விழுந்த பெரிய மரத்தில் ரத்தம் குடிக்கும் வௌவால்கள் இருந்தன, வீட்டடியில் பன்றிகள் இருந்தன, அது அவற்றுக்குள்ளான விவகாரம். எவாந்திர் தோணிக்கு மோட்டார் பூட்ட ஆசைப்பட்டு, எல்லாப் பன்றிகளையும் ஒரே நாளில் கீழாற்று வியாபாரியின் படகில் ஏற்றிவிட்டான். அந்த வாரம் முடிவதற்குள் ஜோயல்மா ஒரு காலையில் மூக்கைத் தடவிக்கொண்டே அடுப்படிக்கு வந்தாள்.

“அம்மா, எதோ கடிச்சிருக்கு. வலிக்கவே இல்ல, ஆனா ரத்தம் நிக்கமாட்டேங்குது.”

மூக்கு நுனியில் நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் சின்னக் குழி. அதிலிருந்து ரத்தம் அவசரமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. பார்த்தவுடன் இடலினாவுக்கு விளங்கிவிட்டது. எதிர்க்கரை எர்சீலியா மரவள்ளி மாவு கடன் கேட்கத் தோணியில் வந்தவள், பெண்ணின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“பின்ன? பன்னிய வித்துட்டீங்க. அதுங்க பட்டினியா கிடக்கும்? மேலேறி வந்து விசாரிக்குது.”

“வாயை மூடுடி. பொண்ணு மூஞ்சிடி இது.”

“ஒரு கடிக்கு மூஞ்சி ஒன்னும் போயிடாது. என் புருஷனைக் கடிச்ச வவ்வாலுதான் பாவம். போதை தெளியாம மறுநாள் தண்ணில மெதந்துக்கிட்டுக் கிடந்துச்சு.”

சிரிப்பு அடங்கிய பிறகும் இடலினாவின் கை பெண்ணின் மூக்கில் துணியை அழுத்திக்கொண்டே இருந்தது. சில நாளில் தியெல்சனின் கால் விரலிலும் அதேபோல் ஒரு குழி.

ஒஸ்மாரினோ அப்போது வீட்டுக்குப் பின்னால், மாவு வறுக்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தான். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். கூழுக்குப் பழம் தரும் அசாயிப் பனை ஏறுவதில் அந்த ஓடையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். டொமினோ ஆட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவான், பிடிபட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து போவான். இளவயதில் மரம் அறுக்கும் கூட்டத்தோடு போனவன், ஆறு அகலும் இடத்தில் நசில்தா என்ற பெண்ணோடு சில வருடம் குடித்தனம் நடத்தினான். ஒருநாள் அவள் தலைநகருக்குப் போகும் கப்பலில் ஏறினாள், திரும்பவில்லை. ஒரு தூளியும் ஒரு ரேடியோவுமாக அவன் அக்காளிடம் வந்து சேர்ந்தான். சாயங்காலங்களில் ஆற்றங்கரைக்காரர்களுக்கு வரும் சேதிகளை ரேடியோவில் வாசிப்பார்கள். இன்னாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, இன்னார் அடுத்த படகில் வருகிறார் என்று. அந்த நேரத்தில் அவனிடம் யாரும் பேசக் கூடாது. அவன் பெயருக்கு ஒரு சேதியும் வந்ததில்லை.

மற்றபடி, யாருக்கும் பிடிக்காத வேலை எதுவோ அது சுற்றிவளைத்து அவனிடம்தான் வரும். பன்றிக்குக் காயடிப்பது, செத்தவர்களுக்குக் குழி வெட்டுவது, ஜுரக்காரனைத் தோணியில் போட்டுப் பட்டணத்துக்குத் துடுப்புப் போடுவது. முணுமுணுத்துக்கொண்டே செய்வான். ஆனால் செய்வான்.

தியெல்சனின் விரலைப் பார்த்த அன்று அவனே சொன்னான்.

“அக்கா, என் தூளிய ஓரத்துல கட்டு. கொட்டகையில என்னை எத்தனை நாளா கடிக்குது, ஏதாச்சும் ஆச்சா? அதுக்கு என்னைத் தெரியும். வந்ததும் வயித்தை ரொப்பிக்கிட்டுப் போயிடும். உள்ள வராது.”

“உளறாத.”

“இனிமே இந்த வீட்டுப் பன்னி நான்தான். என்னையும் மோட்டாருக்கு வித்துடாதீங்க, அது போதும்.”

எவாந்திர் சிரித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். இடலினாவும் சிரித்தாள். அன்று சாயங்காலம் ஓரத்துத் தூணில் கயிற்றை இறுக்கிக் கட்டியது அவள்தான்.

அவன் சொன்னதுபோலவே ஆயிற்று. ஒருமுறை குடித்த இடத்தை அந்த ஜந்து மறப்பதில்லை. பழைய காயத்தின் வாயையே மறுபடி திறந்துகொள்ளும். அவனுடைய வலது கால் பெருவிரல்தான் அதற்குப் பிடித்த இடம். பிள்ளைகளின் காயங்கள் ஆறின, பொருக்கு உதிர்ந்தது, புதுக் கடி வரவில்லை.

“உன் குறட்டைதான் மச்சான் அதுக்கு மணி,” என்பான் எவாந்திர். “கேட்டதும் சாப்பாட்டுக்கு வந்துடுது.”

“அதுக்காவது என் குரல் அடையாளம் தெரியுதே. உனக்கு உன் பொண்டாட்டி கூப்பிட்டாக்கூடக் காது கேக்குறதில்ல.”

ஒருமுறை அவன் தூங்காமல் கிடந்து அது வருவதைப் பார்த்திருக்கிறான். காலையில் மீனும் மாவும் தின்றுகொண்டே பிள்ளைகளுக்குச் சொன்னான்.

“பறந்து வந்து மேல விழும்னு நெனைச்சீங்களா? அதான் இல்ல. தளத்துல இறங்கி, முழங்கையை ஊனிக்கிட்டு, இடுப்பு புடிச்ச கிழவன் மாதிரி நடந்து வருது. கால்கிட்ட வந்து நின்னு யோசிக்குது.”

“என்ன யோசிக்கும் மாமா?”

“தோலுக்குக் கீழ எங்க சூடா ஓடுதுன்னு மூக்கை வெச்சே கண்டுபுடிக்குது. அப்புறம் அந்த இடத்தை நக்குது. பல்லு பட்டதே எனக்குத் தெரியல. உறிஞ்சும்னு சொல்றாங்களே, சுத்தப் பொய். பூனை பால் குடிக்கிற மாதிரி நக்கி நக்கித்தான் குடிக்குது. குடிக்கும்போதே ஒன்னுக்கும் போயிடுது.”

“சீ!”

“போகலேன்னா எப்படிடீ பறக்கும்? வயிறு பானை மாதிரி ஆயிடுது. அப்பவும் சட்டுனு எழும்ப முடியல. தவளை மாதிரி ஒரு தாவு தாவித்தான் கெளம்புச்சு.”

அவன் சொன்ன கதைகளில் பொய் கலக்காதது அது ஒன்றுதான் என்று பின்னால் இடலினாவுக்குத் தெரியவந்தது. வௌவால் போன பிறகும் காயம் மூடாமல் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். விடிந்ததும் அவள் அவன் போர்வையை எடுத்துக்கொண்டு படித்துறையில் இறங்குவாள். ரத்தம், அதோடு கருப்பாக, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இன்னொரு கறை. எலுமிச்சை பிழிந்து தேய்ப்பாள். கறை பெரிதாக இருந்த நாளில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. சின்னதாக இருந்தால், முதல் வேலையாக உள்ளே போய்ப் பிள்ளைகளின் கால்களைத் திருப்பிப் பார்ப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தம்பிக்கு வைக்கும் அசாயிக்கூழ் மற்றவர்களுடையதைவிடக் கெட்டியாக இருக்கும். மீனில் வயிற்றுத் துண்டு அவனுக்குத்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு மலேரியா வந்தது. சுகாதார நிலையத்துக்காரர் கொடுத்த மாத்திரைகள் அப்படிக் கசந்தன. அந்த நாட்களில் அவன் குளிரில் நடுங்கிக்கொண்டு, உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டு, குறட்டைக்குப் பதில் முனகிக்கொண்டு கிடந்தான். போர்வையில் கறை இல்லை. இரண்டாவது நாள் தியெல்சனின் குதிகாலில் குழி.

“மாத்திரைதான்,” என்றான் ஒஸ்மாரினோ. “கசப்பு ரத்தத்துல ஏறிடுச்சு. என்னை வாயில வெக்க முடியல அதுக்கு.”

யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அந்த ஓடையில் கசப்பான பட்டைக் கஷாயம் குடித்தவனைக் கொசு அண்டாது என்று எல்லாரும் சொல்வார்கள். மாத்திரை தீர்ந்தது, காய்ச்சல் விட்டது, குறட்டை திரும்பியது, வௌவாலும் ஓரத்துத் தூளிக்கே திரும்பியது. வீடு மூச்சுவிட்டது.

பிறகு சுகாதார நிலையத்திலிருந்து கொசுவலைகள் வந்தன. ஆளுக்கு ஒன்று. ஒஸ்மாரினோ தன்னுடையதைப் பிரிக்கவே இல்லை.

“எல்லாரும் வலைக்குள்ள போயிட்டா, வலையில ஒட்டிக்கிட்டிருக்கிற காலைத் தேடும். சின்னவன் கால் தூங்கும்போது எங்க இருக்குன்னு நீயே பாரு.”

இடலினா பார்த்தாள். தியெல்சனின் பாதம் வலையில் அழுந்தித்தான் இருந்தது. அவள் தம்பியின் வலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

மறுவருடம் பக்கத்து ஓடையிலிருந்து சேதி வந்தது. ஒரு பெண்குழந்தைக்குக் காய்ச்சல், பிறகு கால் விழுந்துவிட்டது, பிறகு தண்ணீர் இறங்கவில்லை, பிறகு குழந்தையே இல்லை. அதன்பின் அவள் அண்ணன். வௌவால் வழியாக வந்த வெறிநோய் என்றார்கள். எர்சீலியா அந்தச் சேதியைச் சொன்னபோது முதல்முறையாக அவளிடம் கேலி இல்லை. சில நாளில் தடுப்பூசிப் படகு முருமுரு ஓடைக்குள் வந்து அவள் வீட்டுத் துறையில் கட்டி நின்றது. மார்லூசியா என்ற செவிலி படகின் முன்தட்டில் நின்று கூவினாள்.

“கடிபட்டவங்க எல்லாரும் வரணும். பழைய கடி, புதுக் கடி, ஆறிப்போன கடி எல்லாம்தான். நாய் மட்டும்தான் வெறி குடுக்கும்னு நெனைச்சிக்கிட்டு வீட்டுல உக்காந்துடாதீங்க!”

இடலினா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள். தியெல்சன் கத்தினான், ஜோயல்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். இடலினாவும் எவாந்திரும்கூடப் போட்டுக்கொண்டார்கள்.

“வீட்டுல வேற யாராச்சும்?” என்றாள் மார்லூசியா.

“என் தம்பி இருக்கான். பழம் பறிக்கப் போயிருக்கான்.”

“அவரைக் கடிச்சிருக்கா?”

“அப்பப்போ,” என்றாள் இடலினா.

“அப்பப்போன்னாலும் வரணும்மா. நாளைக்குத் தண்ணி ஏறினதும் கெளம்பிடுவோம். காலையிலேயே அனுப்பிவிடுங்க.”

“சரி.”

சாயங்காலம் ஒஸ்மாரினோ கூடை நிறையப் பழத்தோடு வந்து கால் கழுவினான். பெருவிரல் எப்போதும்போல் வாய் திறந்திருந்தது. பனை ஏறும்போது மாட்டும் கால்தளை அதை உரசி இன்னும் பெரிதாக்கியிருந்தது. இடலினா விஷயத்தைச் சொன்னாள்.

“எனக்கா? எனக்கெதுக்கு? இத்தனை வருஷமா குடுக்காத நோயை இப்பவா குடுக்கப்போகுது? எங்க ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கம்.”

“விளையாடாத. பக்கத்து ஓடையில ரெண்டு புள்ளைங்க செத்திருக்கு.”

பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்வரை பார்த்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

“அக்கா, ஊசின்னா மருந்துதான? அந்த மாத்திரை மாதிரி அதுவும் ரத்தத்துல ஏறிக் கசந்துடுச்சுன்னா? என்னை விட்டுட்டு நேரா உள்ளதான் வரும். அப்போ என்ன செய்வே?”

அவள் கூடையிலிருந்த பழங்களை உருவிக்கொண்டிருந்தாள். உருவிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தியெல்சனின் குதிகால் நினைவுக்கு வந்தது. பக்கத்து ஓடையின் பெண்குழந்தை நினைவுக்கு வந்தது. ‘அதெல்லாம் பேசாத, காலையில நானே கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னால் அவன் கேட்பான். அவள் சொன்னதை அவன் கேட்காமல் இருந்ததில்லை.

“உன் இஷ்டம்,” என்றாள்.

காலையில் அவன் கால்தளையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போனான். தண்ணீர் ஏறியதும் படகு ஒருமுறை ஊதிவிட்டு நகர்ந்தது. இடலினா படித்துறையில் நின்று அவன் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். படகிலிருந்து மார்லூசியா கையை உயர்த்தி, எங்கே என்பதுபோல் சைகை காட்டினாள். இடலினா பனைகள் இருந்த பக்கம் கைகாட்டினாள். மிச்ச ஊசிகளுக்காகப் படகு மறுபடி வந்தபோதும் அவன் பனையில்தான் இருந்தான். அந்த முறை யாரும் கேட்கவும் இல்லை.

அசாயி முதிர்ந்து கறுக்கும் பருவம். எல்லாரும் காட்டில்தான் இருந்தார்கள். அவன் மேலிருந்து குலையோடு சறுக்கி இறங்குவான், இடலினா கீழே உட்கார்ந்து பழத்தை உருவிக் கூடையில் போடுவாள். அன்றைக்கு அவன் ஒரு பனையில் பாதி ஏறி நின்றுவிட்டான்.

“அக்கா, தளை காலுல இருக்கா பாரு.”

“இருக்கே. ஏன்?”

“எனக்குத் தெரியல.”

விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் மெதுவாக, முதல்முறை ஏறியவன்போல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினான். அடிமரத்தில் உட்கார்ந்து வலது காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டான். பெருவிரல் சில நாளாகவே சுருசுருவென்று எறும்பு ஊர்வதுபோல் இருந்ததாம். இப்போது கணுக்கால்வரை மரத்துவிட்டது என்றான். அவன் முகத்தைப் பார்த்தாள். கேலிக்காக எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும் வாய் நேராக இருந்தது. உருவின பழம் அப்படியே மடியில் இருந்தது.

காய்ச்சல் வந்தது. மறுகாலும் போயிற்று. கெட்டியாகக் கரைத்துக் கொடுத்த கூழ் தொண்டையில் இறங்காமல் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டால் “வீணாப்போகுது” என்றான். பிள்ளைகளை எர்சீலியாவிடம் விட்டுவிட்டு, எவாந்திர் தோணியைக் கிளப்பினான். வழி நெடுக மோட்டார் சத்தத்துக்கு மேலே பேச முடியவில்லை. பெரிய ஆற்றில் அலை அடங்கக் காத்திருந்து கரையோரம் அணைந்தபோதுதான் ஒஸ்மாரினோ கண்ணைத் திறந்தான்.

“ஓரத்துல யாரு படுத்தா?”

“யாரும் இல்லடா. புள்ளைங்க எர்சீலியா வீட்டுல இருக்கு,” என்றாள் இடலினா.

“அங்க நாய் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்போ சரி. நாயத்தான் பாக்கும்.” கொஞ்ச நேரம் கழித்து, “ரேடியோவ அணைச்சியா? பேட்டரி போயிடும்,” என்றான்.

அவன் புரிகிறாற்போல் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பட்டணத்து மருத்துவமனையில் இளவயது டாக்டர் ஒருவர் எவாந்திரிடம் கேட்டார். “வவ்வால் எப்பவாவது கடிச்சிருக்கா?”

“தினமும்,” என்றான் எவாந்திர். ஏதோ அவன் தினமும் குளிப்பான் என்று சொல்வதுபோல்தான் சொன்னான். டாக்டரின் முகத்தைப் பார்த்த பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

ஒஸ்மாரினோவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓடைக்குப் பின்னால் உள்ள மேட்டில் புதைத்தார்கள். அந்த மேட்டில் குழி வெட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கே தோண்டினால் ஊற்று வராது என்று அவனுக்குத் தெரியும், யாரும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. எவாந்திரும் எர்சீலியாவின் புருஷனும் வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. பெண்கள் பாத்திரங்களால் மொண்டு ஊற்றினார்கள். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கத்தான் பெட்டியை இறக்கினார்கள். இடலினா அழவில்லை. மொண்டு ஊற்றிய பாத்திரத்தைக் கழுவி, அடுப்படியில் கவிழ்த்துவைத்தாள்.

அதற்குப் பிறகு கால்நடைத் துறையிலிருந்து ஜில்மார் என்பவர் இன்னும் சிலரோடு வந்தார். பொந்து மரம் இருக்கும் இடத்தைக் காட்ட எவாந்திர் போனான், இடலினாவும் கூடவே போனாள். மரத்தைச் சுற்றி மெல்லிய வலை கட்டி, அந்தி மங்கும்போது வெளியே வந்தவற்றைப் பிடித்தார்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார் ஜில்மார். கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது. சப்பையான மூக்கு, மேல் உதட்டுக்குக் கீழே கண்ணாடிச் சில்லுபோல் இரண்டு பல். இடலினா இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை. அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் முதுகில் பசைபோன்ற மருந்தைத் தடவிப் பறக்கவிட்டார்.

“விட்டுட்டீங்களே?” என்றாள்.

“பொந்துக்குத்தாம்மா போவும். மத்ததெல்லாம் வந்து அது முதுகை நக்கிச் சுத்தம் பண்ணும். மருந்து எல்லாத்துக்கும் வயித்துல போயிடும். ஒன்னுக்குப் பூசினா பல சாவும்.”

“எதுக்கு நக்கணும்?”

“அதுங்க பழக்கம் அப்படி. ஒன்னை ஒன்னு பாத்துக்கும். ஒன்னுக்கு இரை கெடைக்கலேன்னா ரெண்டு மூணு ராத்திரி தாங்காது, செத்துடும். அதனால குடிச்சுட்டு வந்தது தன் வயித்துலேர்ந்து எடுத்து அது வாயில ஊட்டும். நேத்து வாங்கினது நாளைக்குத் திருப்பி ஊட்டும்.”

இடலினா அடுத்த வௌவாலுக்கு அவர் மருந்து தடவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைப்போல் கேட்டாள்.

“ஐயா, மருந்து சாப்பிட்டவங்க ரத்தம் அதுக்குக் கசக்கும்தான?”

“கசப்பா?” ஜில்மார் சிரிக்கவில்லை, ஆனால் சுலபமான கேள்விக்குச் சொல்வதுபோல் சொன்னார். “அதுக்குக் கசப்பெல்லாம் தெரியாதும்மா. வாழ்க்கை பூரா ரத்தம் ஒன்னுதான சாப்பாடு? நாக்குல ருசி பாக்கறதெல்லாம் அதுக்குச் செத்தே போச்சு. நீங்க என்ன சாப்பிட்டா அதுக்கென்ன? சூடு இருந்தா போதும், மூச்சு கேட்டா போதும்.”

எவாந்திர் அவளைப் பார்த்தான். அவள் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எவாந்திர் புதுத் தோணிக்கென்று அறுத்துவைத்திருந்த பலகைகளை எடுத்து ஓடையைப் பார்த்த பக்கத்துக்குச் சுவர் அடிக்கத் தொடங்கினான். எர்சீலியாவின் புருஷனும் வந்தான். வேலை அவர்கள் நினைத்ததைவிடச் சுருக்காகவே நடந்தது. ஒவ்வொரு பலகை ஏற ஏற வீட்டுக்குள் வெளிச்சம் ஒரு கோடு குறைந்தது. மதியத்துக்குமேல் உள்ளே புழுக்கம் கட்டிக்கொண்டது. தண்ணீர் சத்தம் தள்ளிப்போனது. எர்சீலியாவின் புருஷன் சாப்பிடப் போனபின், இடலினா ஒரு பலகையைப் பிடித்துக்கொள்ள, எவாந்திர் உதட்டில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு அடித்தான். ஓரத்துத் தூணில் பலகையை வைத்தபோது அவன் கை நின்றது.

“நேத்து அவர் சொன்னதையே நெனைச்சிக்கிட்டிருக்க,” என்றான் ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு. “அதெல்லாம் படிச்சவங்களுக்குத் தெரியற விஷயம். நமக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அவனை அனுப்பியிருக்க மாட்டோமா? யாரு மேலயும் தப்பில்ல.”

அவள் பலகையை விடவில்லை.

“அதே ஊசியைத்தான புள்ளைங்களுக்கும் போட்டாங்க,” என்றாள்.

“அதுக்கென்ன?”

“ஊசி போட்டா ரத்தம் கசக்கும்னு பயந்துதான அவனை ஊசிக்கு அனுப்பாம விட்டோம். அப்போ புள்ளைங்க ரத்தமும் கசந்திருக்கும்ல? அவனை விட்டுட்டு இதுங்ககிட்ட அது எதுக்கு வரப்போகுது? இதுக்குப் படிச்சிருக்கணுமா? பழம் உருவிக்கிட்டிருக்கும்போதே இது எனக்குத் தோணியிருக்கணும். தோணல. தோண விடல நான்.”

வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிப்போட்ட தோணி தூணில் இடிக்கும் சத்தம் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. எவாந்திர் ஆணிகளை மறுபடி உதட்டில் கவ்விக்கொண்டான்.

“கொஞ்சம் மேல தூக்கிப் பிடி,” என்றான்.

அவள் தூக்கிப் பிடித்தாள்.